வீட்டிலேயே கார் ஏசி கம்ப்ரஸர் மாற்றுவது: எதுவரை நம் வேலை, எங்கே நிறுத்த வேண்டும்?

வைகைக்கரை (மதுரை):

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏசியைப் போட்டால், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கிறது. பிடித்த உடனே பானெட்டுக்குள்ளிருந்து அம்மி அரைப்பதைப் போன்ற சத்தம் எழுகிறது. காற்று வருகிறதே தவிர குளிர்ச்சி இல்லை. பட்டறையில் காட்டியபோது, அழுத்தம் காட்டும் கேஜ் கூட மாட்டாமல், கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லி, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். உதிரிபாகக் கடையில் கம்ப்ரஸரை மட்டும் விசாரித்தால் அதில் பாதிகூட வரவில்லை. பிரேக் பேட், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் ஆகியவற்றை வீட்டு வாசலிலேயே மாற்றிப் பழக்கம் உண்டு. ஏசி பக்கம் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை. கண்ணுக்குத் தெரிவது நான்கு போல்ட், இரண்டு பைப், ஒரு ஒயர், அவ்வளவுதான். இதில் எதுவரை நானே செய்யலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைவாசி (கோயம்புத்தூர்):

தம்பி, நான்கு போல்ட், இரண்டு பைப் என்று நீங்கள் எழுதியது சரிதான். ஆல்டர்னேட்டர் கழற்றியவருக்கு இதைக் கழற்றுவது பெரிய காரியம் அல்ல. ஆனால் ஏசி வேலையில் ஸ்பேனர் பிடிப்பது கால்வாசிதான். பழைய கம்ப்ரஸர் எதனால் செத்தது என்று கண்டுபிடிப்பதும், புதியது மாட்டும்போது உள்ளே தூசியும் ஈரமும் போகாமல் காப்பதும்தான் மீதி. அதைச் செய்யாமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிய வண்டிகள் அடுத்த கோடைக்கு முன்பே திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில், போனது கம்ப்ரஸர்தானா என்பதை உறுதி செய்யுங்கள். ஏசியை அணைத்த பிறகும் சத்தம் வந்தால் அது புல்லி பேரிங். கம்ப்ரஸரைத் திறக்காமல், கேஸ் வெளியேறாமல், பேரிங்கை மட்டும் மாற்றிவிடலாம். கிளட்ச் பிடிக்கவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கிளட்ச் காயிலை மீட்டரில் அளந்து பாருங்கள்; பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை காட்டும். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். தேய்ந்து அது ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால், காயில் சூடேறிய பிறகு காந்தம் தட்டை இழுக்காது. இப்படிப்பட்ட வண்டிகளுக்குக்கூட ‘கம்ப்ரஸர் அவுட்’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். உங்கள் வண்டியில் கிளட்ச் பிடித்த பிறகுதான் சத்தம் வருகிறது என்கிறீர்கள். ஆகவே சந்தேகம் உள்ளே இருக்கும் பிஸ்டன்கள் மீதுதான். எதற்கும் கேஜ் மாட்டிப் பார்த்து எழுதுங்கள்.

வைகைக்கரை:

நண்பர் ஒருவரிடம் கேஜ் செட் வாங்கி மாட்டினேன் அண்ணா. காலையில் எஞ்சின் போடுவதற்கு முன், வெளியே 30 டிகிரி இருந்தபோது, இரு பக்கமும் 95 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டியது. எஞ்சினைப் போட்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்தபோது லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் பக்கம்) 70, ஹை பக்கம் (அழுத்தி வெளியே அனுப்பும் பக்கம்) 130. எஞ்சின் வேகத்தைக் கூட்டினாலும் இரண்டு முள்ளும் பெரிதாக அசையவில்லை. 95 இருப்பதால் கேஸ் முழுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பட்டறைவாசி:

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கார் ஏசியைக் குளிர வைக்கும் ஆர்-134ஏ கேஸ் உள்ளே திரவமாகக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் வரை, நின்றிருக்கும் வண்டியில் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலைதான், அளவு அல்ல. 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் ஏறத்தாழ 114 பிஎஸ்ஐ என்று அதற்கு அட்டவணையே உண்டு. எனவே உங்கள் 95 சொல்வது, வண்டி காலியாக இல்லை என்பதை மட்டுமே. சரியாக ஓடும் வண்டியில், நம் ஊர் வெயிலில், லோ பக்கம் 30 முதல் 45, ஹை பக்கம் 200 முதல் 250 வரை போகும். உங்களுக்கு லோ ஏறியும் ஹை இறங்கியும் இருக்கின்றன. அதாவது கம்ப்ரஸர் சுற்றுகிறது, ஆனால் அழுத்தவில்லை. சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு மாறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் வண்டியில் இருப்பது கொள்ளளவு மாறும் வகைக் கம்ப்ரஸர் என்றால், அந்தக் கொள்ளளவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் வால்வு பழுதானாலும் இதே அளவுகள்தான் வரும்; அந்த வால்வைத் தனியாக மாற்ற முடியும். ஆனால் வால்வு பழுதுக்கு அரைக்கும் சத்தம் வராது. உங்களுக்கு அரைக்கிறது, அரைத்தால் அலுமினியத் துகள் உதிர்ந்திருக்கும். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் இனிமேல் உங்கள் கவலையாக இருக்க வேண்டும்.

நீலமலை (உதகமண்டலம்):

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் துகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். பைப்பைத் திறக்கும் முன் உள்ளே இருக்கும் கேஸை என்ன செய்யப்போகிறோம் என்பதை யாரும் கேட்கவில்லை. நட்டை லேசாகத் தளர்த்தி ‘உஸ்’ என்று திறந்துவிடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது என்பது உண்மையே. ஆனால் புவியைச் சூடாக்கும் ஆற்றலில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சிறிய காரில் இருக்கும் 400 கிராமைத் திறந்துவிட்டால் 570 கிலோ ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது ஏறத்தாழ 2.3 கிலோ, அப்படியானால் அந்த ஒரு ‘உஸ்’, 250 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு. கம்ப்ரஸர் கிளட்ச்சின் ஒயர் இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை ஏசி கடைக்கு ஓட்டிச் சென்று, மீட்பு இயந்திரத்தில் கேஸை எடுக்கச் சொல்லி, காலி வண்டியோடு வீடு திரும்பலாமே. இயந்திரம் வைத்திருக்கும் கடை மதுரையில் கட்டாயம் கிடைக்கும்.

உடலுக்கும் இதில் ஆபத்து உண்டு. இந்தக் கேஸ் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். திரவமாகக் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எரியும் நெருப்பிலோ பழுக்கக் காய்ந்த இரும்பிலோ பட்டால் சிதைந்து நச்சுவாயுவாக மாறும். மூடிய ஷெட்டுக்குள் பீடி பற்றவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூரதேசி (டெக்சஸ்):

நான் இருக்கும் அமெரிக்காவில் இதைத் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். ஆர்-134ஏ போன்ற மாற்று வாயுக்களுக்கும் அந்தத் தடை 1995 முதலே உண்டு. கூலிக்குக் கார் ஏசி வேலை செய்பவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதே வேளையில், இரண்டு பவுண்டுக்குக் குறைவான, தானாக மூடிக்கொள்ளும் வால்வு வைத்த சிறு டின்களை யாரும் வாங்கலாம். பெரிய உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு வேக்குவம் பம்பையும் கேஜையும் இரவல் தருகின்றன. அதனால் இங்கே வீட்டில் கம்ப்ரஸர் மாற்றுவது சாதாரணமாக நடக்கிறது. வைகைக்கரைக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி: புதிய கம்ப்ரஸருக்கு உத்தரவாதம் கேட்டுப் போனால், டிரையரும் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்) எக்ஸ்பான்ஷன் வால்வும் (கேஸின் அழுத்தத்தைத் திடீரெனக் குறைத்துக் குளிர வைக்கும் சிறு துளை வால்வு) அதோடு வாங்கிய பில்லைக் காட்டு என்பார்கள். அவற்றை மாற்றாமல் போட்ட கம்ப்ரஸர் நிலைக்காது என்பது விற்பவர்களுக்கே தெரியும்.

மணல்மேடு (கும்பகோணம்):

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. என் பழைய காரில் கம்ப்ரஸர் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டபோது, கண்டென்சரையும் (முன்பக்கத்தில் கேஸைக் குளிர்த்துத் திரவமாக்கும் பாகம்) பைப்புகளையும் கழற்றிப் பெட்ரோல் ஊற்றி, பங்க்சர் கடை காற்றால் ஊதிச் சுத்தம் செய்தேன். செகண்ட் ஹேண்ட் கம்ப்ரஸர் போட்டேன், டிரையரைக்கூட மாற்றவில்லை. இரண்டு கோடை தாண்டிவிட்டது, இன்றும் குளிர்கிறது. புதுக் கண்டென்சர் வாங்குவது வீண் செலவு.

பட்டறைவாசி:

மணல்மேடு அவர்களுக்கு, உங்கள் வண்டி தப்பியது மகிழ்ச்சியே. ஆனால் அதை வழிமுறையாக இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது. பழைய வண்டிகளில் கண்டென்சர் என்பது வளைந்து வளைந்து போகும் ஒரே குழாய். ஒரு முனையில் ஊற்றியது மறுமுனையில் வந்தாக வேண்டும். இப்போதைய கண்டென்சரில் தட்டையான குழாய்கள் பல இணையாக ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மில்லிமீட்டர் அளவிலான நுண்வழிகள் இருக்கின்றன. நான்கு வழி அடைத்திருந்தால், ஊற்றிய திரவம் அடைக்காத வழியைத் தேடிப் போய்விடும். வெளியே சுத்தமாக வருகிறதே என்று நாம் நம்பிவிடுவோம். பிறகு அந்தத் துகள் ஆயிலோடு நகர்ந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் நிற்கும், அல்லது சுற்றிவந்து புதுக் கம்ப்ரஸரையே அரைக்கும். துகள் உதிர்ந்த வண்டியில் கண்டென்சரைக் கழுவுவது இல்லை, மாற்றுவதுதான். பல வண்டிகளில் டிரையர் பை கண்டென்சரின் பக்கவாட்டுக் குழாய்க்குள்ளேயே இருப்பதால், கண்டென்சர் வாங்கினால் அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீதம் தங்கிய பெட்ரோல் ஆயிலின் வழுவழுப்பைக் கெடுக்கும். பங்க்சர் கடைக் காற்றில் தண்ணீர் இருக்கும். பைப்புகளைக் கழுவ இதற்கென்றே விற்கும் ஃப்ளஷ் திரவத்தைப் பயன்படுத்தி, நைட்ரஜனால் ஊதுங்கள். வெல்டிங் பட்டறையில் கிடைக்கிறதே என்று ஆக்ஸிஜன் சிலிண்டரை யாரும் மாட்டிவிடாதீர்கள். அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். உயிர் போன சம்பவங்கள் உண்டு.

வைகைக்கரை:

நீலமலை அவர்கள் சொன்னபடி கடையில் கேஸை எடுத்தாகிவிட்டது. 210 கிராம்தான் வந்தது. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 380 கிராம் என்று போட்டிருக்கிறது. நேற்று பேட்டரி இணைப்பைக் கழற்றி, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பெல்ட்டை இறக்கி, கம்ப்ரஸரை வெளியே எடுத்தேன். பைப் வாய்களைத் திறந்த கையோடு பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு மூடிவிட்டேன்.

கம்ப்ரஸரைக் கவிழ்த்து, கிளட்ச் தட்டைக் கையால் சுற்றிச் சுற்றி ஆயிலை வடித்தேன். மருந்து அளக்கும் கோப்பையில் 40 மில்லி வந்தது. நிறம் பென்சில் கரி கலந்த தண்ணீரைப் போல் இருந்தது. வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, நடுவில் கருவட்டமும் அதைச் சுற்றி மினுமினுக்கும் தூளும் தெரிந்தன. கண்டென்சருக்குப் போகும் ஹை பக்கத்து பைப்பின் உள்வாயைத் துடைத்தாலும் அதே மினுக்கு. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலிலிருந்து வரும் பைப் ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது. கம்ப்ரஸரின் முன்பக்கத்தில், கிளட்ச்சுக்குப் பின்னால், எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது.

பட்டறைவாசி:

காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். முன்பக்கப் பிசுக்கு என்றால் ஷாஃப்ட் சீல் கசிந்திருக்கிறது. கம்ப்ரஸருக்கென்று தனி ஆயில் பம்ப் கிடையாது; கேஸோடு சுற்றிவரும் ஆயில்தான் அதை வழுக்க வைக்கிறது. கேஸ் கசியக் கசிய ஆயிலும் வெளியே போகிறது. மிஞ்சிய பாதிக் கேஸால் ஆயிலைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியவில்லை. வறண்டு ஓடித்தான் பிஸ்டன் அரைத்திருக்கிறது. கூலிங் குறைந்த அன்றே கசிவைப் பார்க்காமல், ‘கொஞ்சம் கேஸ் மட்டும் அடித்துவிடு’ என்று ஆண்டுதோறும் ஓட்டும் வண்டிகளுக்கெல்லாம் இதுதான் முடிவு.

துகள் ஹை பக்கம்தான் போயிருக்கிறது, அதுதான் இயல்பு. கம்ப்ரஸரிலிருந்து வெளியேறியது முதலில் கண்டென்சரில் சிக்கும், பிறகு டிரையரில், கடைசியாக எக்ஸ்பான்ஷன் வால்வில். எனவே இந்த மூன்றும் புதியதாக இருக்க வேண்டும். பைப்புகளையும் கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்தால் போதும். கூலிங் காயிலுக்காக டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை; எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றினால் அதன் இரு வாயும் எஞ்சின் பக்கமே கிடைத்துவிடும் வண்டிதான் உங்களுடையது என்று நினைக்கிறேன். ஓ-ரிங் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆர்-134ஏவுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்கி, ஆயில் தொட்டு மாட்டுங்கள். போல்ட்டை டார்க் ரென்ச்சில் இறுக்குங்கள். அலுமினிய மரை ஒருமுறை கழன்றால் பாடி முழுவதும் வீண்.

வைகைக்கரை:

புதுக் கம்ப்ரஸரின் சீட்டில் ‘பிஏஜி 46, 120 மில்லி’ என்று இருக்கிறது; பிஏஜி என்பது ஏசி ஆயிலின் வகை, 46 அதன் குழைவு எண். ஆயிலை அதிலேயே ஊற்றித்தான் தருகிறார்களாம். பழையதில் வந்தது 40 மில்லி. அப்படியானால் 80 மில்லியை வடித்துவிட வேண்டுமா?

பட்டறைவாசி:

கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால், ஆமாம், பழையதில் வந்ததைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொண்டு மீதியை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பைப்பிலும் கண்டென்சரிலும் ஏற்கெனவே தங்கியிருப்பதும் சேர்ந்து ஆயில் மிதமிஞ்சிப் போகும். ஆயில் அதிகமானால் முதலில் கூலிங்தான் கெடும். குறைந்தால் கம்ப்ரஸரே கெடும். ஆனால் உங்கள் கணக்கு வேறு. கண்டென்சர் புதியது, டிரையர் புதியது, மற்றவை ஃப்ளஷ் செய்தவை; பழைய ஆயில் எங்கும் இல்லை. ஆகவே சீட்டில் போட்ட 120 மில்லி முழுவதும் வேண்டும். வடிக்காதீர்கள். பிஏஜி 46 என்றால் அதே எண்தான். 100 இருக்கிறதே என்று ஊற்றக்கூடாது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், கம்ப்ரஸர் வாயில் இருக்கும் மூடியைப் பைப் மாட்டும் நிமிடம் வரை கழற்றாதீர்கள். புது டிரையரின் மூடியையும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திறங்கள்.

மணல்மேடு:

வேக்குவத்துக்குப் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் போதாதா? எங்கள் ஊரில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கேஜ் முள் கீழே இறங்கினால் போதும் என்பார்கள்.

நீலமலை:

முள் இறங்குவது போதாது. வேக்குவம் போடுவது காற்றை எடுக்க மட்டும் அல்ல, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி எடுக்கவும்தான். 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் உள்ளழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். சமவெளியில் கேஜ் 29 அங்குலப் பாதரச வேக்குவத்தைத் தொட்டால்தான் அந்த நிலை வரும். தேய்ந்த ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் அங்கே போய்ச் சேருமா என்பது சந்தேகம்; சேர்ந்தாலும் நெடுநேரம் எடுக்கும்.

எங்கள் மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. இங்கே எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் கேஜ் 23 அங்குலத்தைத் தாண்டாது. கீழே இருந்து வந்த மெக்கானிக் ஒருவர் இதை அறியாமல், கசிவு கசிவு என்று ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டறைவாசி:

நீலமலை சொன்னது முழுக்கச் சரி. நான் இதற்குமேல் சேர்ப்பது இரண்டுதான். வேக்குவத்துக்கு முன் நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். கசிவு அப்போதே தெரியும். பிறகு குறைந்தது 45 நிமிடம் பம்ப் ஓடவிட்டு, வால்வை மூடி அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். முள் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு; கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது, இன்னும் ஓடவிடுங்கள்.

கேஸ் ஏற்றுவதைத் தராசு வைத்துத்தான் செய்ய வேண்டும். கடைகளில் கிடைப்பது 450 கிராம் டின். உங்களுக்குத் தேவை 380. ‘ஒரு டின், ஒரு வண்டி’ என்று முழுவதையும் ஏற்றினால் அழுத்தம் எகிறிக் கூலிங் குறையும். எஞ்சின் ஓடும்போது லோ பக்கம் வழியாக மட்டும், டின்னை நேராகப் பிடித்து, ஆவியாக ஏற்றுங்கள். அப்போது கேஜின் ஹை பக்க வால்வைத் திறந்தால் அந்த அழுத்தம் டின்னுக்குள் பாய்ந்து டின் வெடிக்கும். முதல்முறை எஞ்சினைப் போடும் முன் கிளட்ச் தட்டைக் கையால் பத்துச் சுற்றாவது சுற்றிவிடுங்கள். சிலிண்டருக்குள் தேங்கிய ஆயில் வெளியேறாவிட்டால் வால்வுத் தகடு வளையும்.

விலை குறைந்த, முத்திரை இல்லாத டின் பக்கம் போகாதீர்கள். போலி கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தால் அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் சேர்மமாகிறது. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிரூட்டும் கப்பல் கன்டெய்னர்கள் இதனால் வெடித்து ஊழியர்கள் இறந்தார்கள்.

வைகைக்கரை:

கண்டென்சர், வால்வு, கம்ப்ரஸர் எல்லாவற்றையும் வீட்டிலேயே மாட்டினேன். நைட்ரஜன், வேக்குவம், கேஸ் ஆகிய மூன்றையும், கேஸை எடுத்துக்கொடுத்த கடையிலேயே செய்துகொண்டேன். பம்பும் நைட்ரஜன் ரெகுலேட்டரும் ஒரே ஒரு வண்டிக்காக வாங்குவது கட்டுபடியாகவில்லை. முதல் நைட்ரஜன் சோதனையில் கண்டென்சர் பக்கத்து ஓ-ரிங் ஒன்றில் நுரை வந்தது. மாற்றிய பிறகு நின்றது. தராசில் 380 கிராம் ஏற்றினார்கள். வெளியே 36 டிகிரி இருந்தபோது லோ 38, ஹை 225. நடு வென்டில் தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டியது. உதிரிபாகம், கடைக்கூலி எல்லாம் சேர்த்து 26,000 ரூபாயில் முடிந்தது. பட்டறைக்காரர் கேட்ட தொகையில் புதுக் கண்டென்சரும் அடக்கமா என்று விசாரித்தேன். ‘ஊதிச் சுத்தம் செய்து கொடுப்போம்’ என்றார்கள்.

அண்ணா, என் மைத்துனரிடம் ஹைபிரிட் கார் ஒன்று இருக்கிறது. அதிலும் ஏசி சத்தம் என்கிறார். இதே முறையில் அதையும் பார்க்கலாமா?

பட்டறைவாசி:

கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுகிறதா, மின்சாரத்தில் ஓடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் இருந்தால் இதே முறைதான். மின்சாரக் கம்ப்ரஸர் என்றால் அது பேட்டரியின் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தில் ஓடுவது. மோட்டார் சுருள் கேஸுக்கும் ஆயிலுக்கும் நடுவிலேயே இருக்கிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி வகை ஆயில். நம் பிஏஜி ஆயில் சிறிதளவு கலந்தாலும் காப்புத்தன்மை குறைந்து வண்டி பிழைக்குறி காட்டி நின்றுவிடும். முந்தைய வண்டிக்குப் பயன்படுத்திய கேஜ் குழாயில் ஒட்டியிருக்கும் ஆயிலே அதற்குப் போதும். அந்த வண்டியை, உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவரிடம் விடச் சொல்லுங்கள்; ஆரஞ்சு நிற ஒயரைத் தொடாமல் அந்தக் கம்ப்ரஸரைக் கழற்ற வழியில்லை.